துப்பாக்கிக் குண்டு சாட்சி சொல்லுமா?

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி. காலை நேரம்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 11 வயதுப் பையன் ஒருவன் தாத்தா வீட்டில் இருந்தான். திடீரென்று சுருண்டு விழுந்தான். தலையில் ரத்தம்!

தலையில் பாய்ந்திருந்தது துப்பாக்கிக் குண்டு.

அந்த வீட்டில் துப்பாக்கி கிடையாது. சண்டையும் கிடையாது. ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு அப்பால், பசுமலைப்பட்டியில், துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருந்தது. மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் அன்று அங்கே சுட்டுப் பழகினார்கள்.

பையனைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் ஆபரேஷன் செய்து குண்டை வெளியே எடுத்தார்கள். பையன் பிழைக்கவில்லை. 2022 ஜனவரி 3-ந்தேதி இறந்து போனான். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிதி தருவதாக அரசு அறிவித்தது. தளத்தை மூடவேண்டும் என்று ஊரார் போராடினார்கள்.

பணம் கொடுத்தாயிற்று என்பதால் கேள்வி தீர்ந்து விடாது. பெற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: "யார் துப்பாக்கி?"

பயிற்சியில் சுடுகிறவர் ஒருவர் அல்ல, பலர். குண்டு பறந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. அப்படியானால் யாரைக் கேட்பது?

குண்டையே கேட்க வேண்டும். அதன் பாஷை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பௌதிகம், அதாவது இயற்பியல், படித்தவர்கள்.

முறுக்கு அச்சு

முறுக்குப் பிழியும் அச்சில் ஒரு பல் உடைந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் பிழிகிற முறுக்கில் எல்லாம் அந்தக் குறை தெரியும். முறுக்கைப் பார்த்தே, "இது இன்னார் வீட்டு அச்சு" என்று சொல்லி விடலாம்.

துப்பாக்கியும் அப்படித்தான். ரைபிள் துப்பாக்கிக் குழாயின் உள்ளே சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போவதற்கு இந்த ஏற்பாடு. குழாயை விட்டு வெளியேறும்போது அந்தப் பள்ளங்களின் தடம் குண்டின் மேல் விழும். பள்ளங்கள் எத்தனை, இடப்பக்கம் சுற்றுகின்றனவா, வலப்பக்கமா என்று பார்த்தால் துப்பாக்கியின் ஜாதி தெரிந்து போகும்.

ஒரே ஜாதித் துப்பாக்கி இருபது இருந்தால்? அங்கேதான் பொடிக்கீறல்கள் உதவுகின்றன. ஒவ்வொரு குழாயிலும் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் உண்டு. ஒரு குழாயில் இருப்பது போல இன்னொன்றில் இராது. சந்தேகப்பட்ட துப்பாக்கிகளை ஆராய்ச்சி சாலைக்குக் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுடுவார்கள். தண்ணீர் குண்டை நசுக்காமல் நிறுத்தி விடும். அந்தக் குண்டையும், உடலில் இருந்து எடுத்த குண்டையும், இரட்டை மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கோடு கோட்டோடு சேர்ந்தால் துப்பாக்கி அகப்பட்டது!

எப்போதும் சேருமா? சேராது. எலும்பில் மோதிய குண்டு நசுங்கிப் போகலாம். கீறல் அழிந்து விடும். நாட்டுத் துப்பாக்கியின் குழாய் வழவழப்பானது. அதிலிருந்து வரும் ரவைகளில் வரிப்பள்ளம் விழாது. அப்போது, சுட்ட இடத்தில் கிடக்கும் தோட்டாக் கூடு கைகொடுக்கக் கூடும். அதன் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தழும்பு இருக்கும்.

2 கிலோமீட்டர் தாண்டி ஒரு குண்டு உயிரைக் குடிக்குமா என்று பலர் வியந்தார்கள். இந்திய ராணுவமும் போலீசாரும் பயன்படுத்திய இன்சாஸ் ரைபிள், ஏறக்குறைய 400 மீட்டரில் உள்ள குறியைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. குறி தவறி மேலே கிளம்பினால் குண்டு அந்த 400 மீட்டரில் நிற்காது. அது புறப்படும் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். சத்தத்தின் வேகத்தைப் போல இரண்டரை மடங்கு! அதனால்தான் சுடும் தளத்துக்குப் பின்னே உயரமான மண்மேடோ மலையோ இருக்க வேண்டும் என்கிறார்கள். எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே போய் விழும் என்று கணக்குப் போடுவதும் இந்த விஞ்ஞானிகளின் வேலைதான்.

தண்ணீர்த் தொட்டி

ஒரு வருஷம் கழித்து, அதே மாவட்டத்தில் இன்னொரு கேள்வி எழுந்தது. அது நாடெங்கும் பேசப்பட்டது.

2022 டிசம்பர் 26-ந்தேதி. வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிய வந்தது. குழந்தைகளுக்கு நோய் கண்ட பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடம் போயிற்று.

இங்கே ரசாயனமும் உயிரியலும் இறங்கின. 31 பேரின் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை நடந்தது. எவருடையதும் பொருந்தவில்லை. "இவ்வளவு விஞ்ஞானம் இருந்து என்ன பயன்?" என்று சலித்துக் கொண்டவர்கள் உண்டு.

சலிப்பு நியாயம்தான். ஆனால் பழி விஞ்ஞானத்தின் மேல் விழக்கூடாது. தண்ணீரில் ஊறிய பொருளில் டி.என்.ஏ. வெகு சீக்கிரம் கெடும். கிருமிகள் அதைத் தின்று விடும். இன்னொன்று: "பொருந்தவில்லை" என்பதும் ஒரு பதிலே. அந்தப் பரிசோதனை அந்த 31 பேர் மேலும் குற்றத்தைச் சுமத்தவில்லை. பொருந்தாததைப் பொருந்தியது என்று எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கும்!

இந்த வழக்கில் குரல் பரிசோதனையும் நடந்தது. அது முழுக்க முழுக்கப் பௌதிகம். தொண்டை, வாய், மூக்கு இவற்றின் அமைப்புக்கு ஏற்ப ஒருவர் பேச்சில் சில அதிர்வுகள் ஓங்கி நிற்கும். அவற்றைப் படமாக வரைந்து, செல்போனில் பதிவான பேச்சோடு ஒப்பிடுவார்கள். அதே சொற்களைத் திரும்பப் பேச வைப்பார்கள். ஆனால் இது கைரேகை போல உறுதியானது அல்ல. சளி பிடித்தாலும், கோபத்தில் கத்தினாலும் குரல் மாறும். பழைய டெலிபோன் முறையோ வினாடிக்கு 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை மட்டும் கடத்தியது. மீதி வழியிலேயே போய் விடும். ஆகவே நல்ல நிபுணர் "பெரும்பாலும் இவர் குரல்" என்ற அளவில் நிறுத்திக் கொள்வார். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாஜிஸ்திரேட்டு உத்தரவின்பேரில் குரல் மாதிரி எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

2025 ஜனவரியில் மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. மூவரும் பாதிக்கப்பட்ட மக்களையே சேர்ந்தவர்கள். ஊரார் இதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். குற்றப்பத்திரிகை என்பது போலீசார் சொல்வது. தீர்ப்பு சொல்ல வேண்டியது கோர்ட்டு.

சினிமாவில் வருவது போல அல்ல

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடுகிறவர்கள் போலீஸ் உத்தியோகஸ்தர்கள் அல்ல. தொப்பி கிடையாது, லத்தி கிடையாது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆராய்ச்சி சாலை சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களில் வட்டார ஆராய்ச்சி சாலைகள் உண்டு. இந்த வேலைக்குச் சென்னை பழைய ஊர். விஷம் பரிசோதிக்கும் இலாகா 1849-லேயே அங்கே ஏற்பட்டு விட்டது.

1991 மே 21-ந்தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, கம்பி, பாட்டரித் துண்டுகளை வைத்து, ஒரு பெண் இடுப்பில் கட்டி வந்த வெடிகுண்டு அது என்று கண்டவர் இந்தத் துறையின் தலைவராக இருந்த பி.சந்திரசேகரன். 2000-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

விருது எல்லாருக்கும் வராது. வருவது ரத்தக்கறை படிந்த சட்டை, உடைந்த விளக்குக் கண்ணாடி, டயர் தடம், அழித்து எழுதிய என்ஜின் நம்பர். பொறுமை வேண்டும். கோர்ட்டில் கூண்டேறி வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். சர்க்கார் சம்பளம் வாங்கினாலும், சர்க்கார் கட்சிக்கு விரோதமான முடிவு வந்தால் அதையும் எழுதத் துணிவு வேண்டும். துணிவு இல்லாதவர் வேறு உத்தியோகம் பார்ப்பது நல்லது.

ஆள் தேவை இனி கூடும். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் நடந்தால் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் எடுக்கவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஏற்பாடு செய்ய 5 ஆண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். தடயம் கெடுவது முதல் சில மணி நேரத்தில்தான். ஆள் வருவதற்குள் ஊரே மிதித்து விட்டால், பிறகு எந்த மைக்ராஸ்கோப்பும் உதவாது.

என்ன படிக்க வேண்டும்? பௌதிகம், ரசாயனம், உயிரியல் இவற்றில் பட்டம், அதற்குமேல் எம்.எஸ்சி. இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை நடத்தி ஆள் எடுக்கிறது. தடய அறிவியலையே தனிப்பாடமாகப் படிப்பதற்குக் குஜராத்தில் காந்திநகரில் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களும் சேரலாம்.

அவ்வளவு தூரம் போவானேன் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலேயே பௌதிகம் தொடங்கலாம். பட்டப்படிப்பில் ஸ்பெக்ட்ராமீட்டர் முன் உட்கார்ந்து, கண்ணாடிப் பட்டகம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கச் சொல்வார்கள். மார்க்குக்காகச் செய்கிற வேலை என்று மாணவர்கள் நினைப்பார்கள். ராத்திரியில் ஆளை மோதி விட்டு நிற்காமல் போன லாரியின் கண்ணாடித் துண்டு ஆராய்ச்சி சாலைக்கு வரும்போது, அது எந்த விளக்கிலிருந்து உடைந்தது என்று கண்டுபிடிக்க முதலில் அளப்பவற்றில் ஒன்று, ஒளியை வளைக்கும் அந்த அளவுதான்.