ஐரோப்பிய வேலைவாய்ப்பு: தங்கவயலுக்குக் கதவு திறக்குமா?

புதுதில்லி: ஐரோப்பிய நாடுகள் இந்தியத் தொழிலாளர்களுக்குக் கதவைத் திறந்து வருகின்றன. இவ் வாய்ப்பு பட்டதாரிகளுக்கு மட்டும்தானா, கைத்தொழில் கற்றவர்களுக்கும் உண்டா என்ற கேள்வி எழுந்துள்ளது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு இக் கேள்வி புதிதல்ல.

1880-ல் பிரிட்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்கத் தொழில் அறிந்தவர்கள் வந்தனர். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், பாதாளத்தில் இறங்கி உழைத்தனர்.

விடுதலைக்குப் பின் இடப்பெயர்வின் திசை மாறியது. தங்கவயலின் ஆங்கிலோ இந்தியர்கள் பலர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையில் தவித்த பிரிட்டன், 1948-ம் ஆண்டுச் சட்டப்படி காமன்வெல்த் மக்களைத் தடையின்றி அனுமதித்தது. 1962-ல் கட்டுப்பாடுகள் வந்தன. 1971-ம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனில் பிறந்த பெற்றோரை உடைய காமன்வெல்த் குடிமக்களுக்கு வசிப்புரிமை வழங்கியது. சுரங்கத் தமிழர்களுக்கு அத்தகைய வம்சாவளி இல்லை.

மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அடுத்த தலைமுறையினர் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்குத் தினமும் ரயிலில் சென்று திரும்புகின்றனர்.

தொழிலாளர் இடப்பெயர்வு தொடர்பாக பிரிட்டனுடன் 2021-லும், ஜெர்மனியுடன் 2022-லும், இத்தாலியுடன் 2023-லும் இந்தியா ஒப்பந்தம் செய்துள்ளது. பிரிட்டனின் இளம் தொழில் வல்லுநர் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 இடங்கள். ஆனால் பட்டம் கட்டாயம்.

ஜெர்மனியின் நிலை வேறு. திறன்மிக்க இந்தியர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் அந்நாடு அறிவித்தது. அதே ஆண்டு அறிமுகமான 'வாய்ப்பு அட்டை'க்குப் பட்டம் இல்லாவிடினும் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி போதும். அடிப்படை ஜெர்மன் அல்லது நல்ல ஆங்கிலம் தேவை.

சிக்கல் இங்குதான் உள்ளது. ஐ.டி.ஐ.களில் பிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டாண்டு. வெல்டர் படிப்பு ஓராண்டு மட்டுமே. அதை மட்டும் முடித்த இளைஞர் இந்த அட்டைக்குத் தகுதி பெற இயலாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு அரசின் பணி முடிந்துவிடவில்லை. கூடுதல் ஓராண்டுப் பயிற்சியும், மொழி வகுப்பும் தங்கவயல் போன்ற ஊர்களுக்கு வர வேண்டும். சுரங்கத்தை மூடிய மத்திய அரசுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. எத்தனை விசா என்பதுடன், அதில் ஐ.டி.ஐ. படித்தவர் எத்தனை பேர் என்பதையும் நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.