தட்டில் விழும் காசு போதுமா?

பவுர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 14 கிலோ மீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிறார்கள். கிரிவலப் பாதை ஓரத்தில் கால் இழந்தவர் உட்கார்ந்து இருந்தால், அவருடைய தட்டில் காசு விழுகிறது.

நல்ல மனம்தான். ஆனால், அவருடைய அடையாள அட்டைக்கு மனு எழுதுவது யார்? உதவித்தொகை நின்றுபோனால் கேட்பது யார்?

இதற்குத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு ஊர்தோறும் ஒரு சங்கம் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு செய்வது சுலபம். நடத்துவதுதான் கஷ்டம்!

தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் படித்துக்கொண்டு இருந்தார். 1975-ல் கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வுக்கு பெங்களூர் போனார். தடை தாண்டும் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது.

அவர் முடங்கிவிடவில்லை. 1981-ல் சொந்த ஊரில் "அமர் சேவா சங்கம்" தொடங்கினார். அமர் என்பது அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டரின் பெயர்! முதலில் ஓர் ஓலைக் கொட்டகையும் சில குழந்தைகளும்தான்.

1992-ல் எஸ்.சங்கரராமன் வந்து சேர்ந்தார். அவர் ஆடிட்டர். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். சங்கத்தின் கவுரவச் செயலாளர் ஆனார். இரக்கப்பட்டு வந்தவர் அல்ல. தொழில் தெரிந்து வந்தவர். நன்கொடை கொடுப்பவர் முதலில் கேட்பது கணக்குதானே? 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

திருவண்ணாமலையில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வரவு-செலவு எழுதலாம். வெல்டிங் பட்டறைக்காரர் உடைந்த மூன்று சக்கர வண்டியைச் சரி செய்யலாம். வக்கீலுக்குத்தான் வேலை அதிகம். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசு வேலையில் நூற்றுக்கு 4 இடம் தரச் சொல்கிறது. ஆனால், அதைப் பெறச் சான்றிதழ் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர் எப்படி நிற்பார்?

ஒன்றில் எச்சரிக்கை தேவை. உதவ வருகிறவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது! எது தேவை என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. ஆய்க்குடியில் சங்கத்தை நடத்தியவர்களே சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்தான்.

வருகிறவருக்கு ஒரே ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். செய்ததை நோட்டில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். அவர் ஊர் மாறிப் போனாலும், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத் தொடரலாம்.

வாரம் 2 மணி நேரம் என்றால் 2 மணி நேரம். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவரை நம்பி, ஊன்றுகோலுடன் ஒருவர் செங்கத்தில் இருந்து பஸ் ஏறி வந்திருப்பார்.