கிணறு உள்ள காட்டுக்கு எல்லைக்கல் இடுமுன்

காட்டுக்குள்ளே கட்டுக்கிணறு ஒன்றைக் கண்டால் அதன் பொருள் என்ன? அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதே. 2008 - 2009 இடப்பெயர்வின் பின் ஆளில்லாமற் கிடந்த வன்னிக் காணிகளில் பற்றை வளர்ந்து மூடியது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு அது காடு. திரும்பி வந்தவருக்கு அது அப்புவின் வளவு. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலேதான் எமது மக்களின் காணிப் பிரச்சினைகள் பல சிக்கிக் கிடக்கின்றன. சுண்டிக்குளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள சுண்டிக்குளம் கடனீரேரிப் பிரதேசம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. கனகராயன் ஆறு வன்னியின் மழைநீரை அதில் கொண்டுவந்து சேர்க்கிறது. மாரியில் பூநாரைகள் கூட்டமாகக் கூடுகின்றன. வடதிசை நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகள் வருகின்றன. கண்டல் வேர்களுக்கிடையே மீனும் இறாலும் வளர்கின்றன. பறவைக்கும் தொழிலாளிக்கும் சோறு போடுவது அந்த ஒரே நீர்தான். அதைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

2015 ஜூன் 22ஆம் திகதி, மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியவற்றுடன் சுண்டிக்குளமும் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பும் ஏறத்தாழ 19,500 ஹெக்டேயராக விரிந்தது. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டு மூன்று ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.

பெயர்தானே மாறியது என்று நாம் இருந்துவிட முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம்; மக்கள் தமது வழமையான தொழில்களைச் செய்யலாம். தேசியப் பூங்காவோ, அனுமதி பெற்றுச் சென்று வனசீவராசிகளைப் பார்ப்பதற்கும் ஆராய்வதற்கும் உரிய இடம். ஆகவே எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது, வீச்சுவலையுடன் இறங்குபவர் தொழிலாளியா குற்றவாளியா என்பதைத் தீர்மானிக்கும் விடயமாகிறது.

இச்சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. பிரேசிலின் அமேசன் காட்டில் இறப்பர்ப் பால் எடுத்து வாழ்ந்த சிக்கோ மென்டிஸ், காடழித்து மேய்ச்சல் நிலமாக்குவோரை எதிர்த்துத் தொழிலாளரைத் திரட்டினார். 1988 டிசம்பர் 22இல் தமது வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயரால் 1990இல் அக்ரே மாநிலத்தில் ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது. அங்கே நிலம் அரசுக்குரியது. காட்டை அழிக்காது அதன் பயனை எடுத்து வாழும் உரிமை மக்களுக்குரியது. பின்னாளில் அங்கேயும் மாட்டுப்பட்டிகள் நுழைந்தன. இறப்பருக்கு நல்ல விலை கிடைக்காதபோது சட்டம் மட்டும் காட்டைக் காக்கவில்லை. இரண்டுமே எமக்குப் பாடம்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. எல்லைக்கல் இடுமுன் ஊர்ப் பெரியவர்களுடன் அந்த எல்லையை நடந்து பார்க்க வேண்டும். வரைபடம் தமிழில் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஓடிய ஓட்டத்தில் உறுதியையும் பெர்மிற்றையும் தொலைத்தவர்களுக்குப் பழைய கிணறும் தென்னையும் அயலவர் சாட்சியமும் ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும். எந்த வலை, எந்தப் பருவம் என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களுடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் உரிமை கேட்கும் நாம் எமது முற்றத்தையும் கூட்ட வேண்டும். இரவில் மணல் ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரம் யாருடையது என்பது ஊருக்குத் தெரியும். கண்டல் தறிப்பவரையும், குஞ்சு மீனை வாரும் சிறுகண் வலையையும் நாம் அறிவோம். அறிந்தும் மௌனமாக இருந்தால், "இம்மக்களால் காக்க முடியாது" என்று சொல்பவருக்கு நாமே சாட்சி சொன்னவர்களாவோம்.

அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுங்கள். உங்கள் ஊரின் பழைய கிணறுகள், குளங்கள், பாதைகள், வலை இறக்கும் துறைகள் ஆகியவற்றை ஒரு தாளில் வரையுங்கள். முதியோர் இருக்கும்போதே வரையுங்கள். அவர்கள் போனபின் அந்தக் கிணற்றுக்குச் சாட்சி சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.