கயிறும் லேத்தும்

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன லேத் வைத்திருக்கிறேன். அதில் என்னதான் செய்வேன் என்று கேட்பவர்களுக்கு அம்மாவின் கிரைண்டரைக் காட்டுவேன். புஷ் தேய்ந்ததும் கடையில் புதுக் கிரைண்டரே வாங்கச் சொன்னார்கள். பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து போட்டேன். 12 மில்லிமீட்டர் தண்டுக்கு 12.03 துளை; இடைவெளி தலைமுடியில் பாதி கனம்கூட இல்லை. இப்போது இட்லி மாவு சத்தமில்லாமல் அரைபடுகிறது.

அதைப் பார்த்து அக்கா மகனுக்கும் ஆசை. கையுறையோடு வந்து நின்றான். பாதுகாப்பு என்றாலே கையுறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுழலும் லேத்தில் அதுவே ஆபத்து. நூல் ஒன்று சிக்கினாலும் கையையே சுருட்டி இழுத்துவிடும். மோதிரம், தொங்கும் சட்டைக் கை எதுவும் ஆகாது. கண்ணாடி மட்டும் கட்டாயம்.

கையுறையைக் கழற்றினான். மணிக்கட்டில் பத்துமலையில் கட்டிய கயிறு!

“சாமி கயிறுடா தம்பி, அவிழ்க்க வேண்டாமே,” என்றார் அக்கா.

நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் லேத்தின் சுவிட்சைத் தொட விடவில்லை. “கயிறு இருக்கும்வரை அரம் பிடி,” என்றேன். முகம் சுருங்கியது. பரவாயில்லை, அரம் பிடிக்காமல் லேத்துக்கு வருபவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

மூன்று வாரமாக ஓர் அலுமினியத் துண்டைச் சதுரமாக்கிக்கொண்டிருக்கிறான். மட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் இன்னும் வெளிச்சம் தெரிகிறது.