பெரியவங்க படிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?

எந்தப் பேப்பர் கடையிலாவது போய், "பெரியவங்க படிக்கிற மாதிரி புத்தகம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் உங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். பிறகு கீழ்த் தட்டில் கையை விடுவார். வெளியே வருவது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். "ஐயோ, அது இல்லைங்க" என்றால், "ஓ, அந்தப் பெரியவங்களா" என்று பக்திப் பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டுவார்.

இந்த இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு ஜாதி மனிதர்கள் இருக்கிறோம். வயசு முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து. வீட்டு லோன், பத்தாவது படிக்கும் பையன், மாடி ஏறினால் லேசாகக் கடக் என்று சத்தம் போடும் முழங்கால். இத்தனைக்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆசை. விளையாட்டைப் பற்றி இவர்கள் தமிழில் படிக்க என்ன இருக்கிறது? என் கண்ணில் பட்டவரை ஒன்றும் இல்லை. இதை யாரும் ஒரு குறையாகக்கூட நினைப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

இந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டவர் செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருக்காரர். நாலு வருஷம் கனடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கே குளிர்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் ஸ்னோபோர்டிங் கற்றுக்கொண்டாராம். ஒரே பலகையில் இரண்டு காலையும் குறுக்குவாட்டில் மாட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி இறங்குகிற விளையாட்டு. 1998 நாகானோ ஒலிம்பிக்ஸிலிருந்து அதற்கு மெடல் உண்டு. சிரிக்காதீர்கள். செவ்வாப்பேட்டையில் ஐஸ் என்பது மீன்கடைப் பெட்டியில் மட்டும்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் குல்மார்க் போய் வர ஆசை. அதற்கு முன்னால் அந்த விளையாட்டைப் பற்றி உருப்படியாகப் படிக்க ஆசை. "நீங்க பத்திரிகைக்காரர்தானே சார், ஒரு நல்ல மேகஸின் சொல்லுங்க" என்றார்.

எங்கள் லோக்கல் ரயில் போய் நிற்கிற இடத்துக்கே மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பேர். 1985-ல் தீப்பிடித்து எரிந்துபோன பழைய புத்தகச் சந்தையின் இடம் அது. பிழைத்த கடைகள் அல்லிக்குளத்துக்குப் போயின. அங்கே தேடி, அமெரிக்காவின் 'டிரான்ஸ்வேர்ல்டு ஸ்னோபோர்டிங்' பழைய இதழ்கள் சிலதைப் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் புரட்டினேன். பளபளவென்று இருந்தது. குல்லாய் போட்ட பையன்கள் மாடிப்படிக் கைப்பிடி மேல் வழுக்குகிறார்கள். கூரையிலிருந்து குதிக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஷூ, கோட், கண்ணாடி விளம்பரம். நாற்பத்திரண்டு வயசு ஆள் பனியில் எப்படி விழுவது, மணிக்கட்டை உடைத்துக்கொள்ளாமல் எப்படி விழுவது என்று ஒரு வரி கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவதே மணிக்கட்டில்தான். "பத்தொன்பது வயசுப் பையன் படிக்க வேண்டியதை என்கிட்ட குடுத்துட்டாங்க சார்" என்று அலுத்துக்கொண்டார்.

அந்தப் பத்திரிகை 1987-ல் ஆரம்பித்து 2019-ல் மூடப்பட்டது. அதன் பங்காளிகளான அலைச்சறுக்குப் பத்திரிகைகளுக்கும் அதே கதிதான். 1964-ல் பிறந்த 'சர்ஃபிங்' 2017-ல் போனது. 1960-லிருந்து வந்த 'சர்ஃபர்' 2020-ல் அச்சை நிறுத்தியது. செல்போன் வந்தது, பத்திரிகை செத்தது என்று இதற்கு ஒரு ரெடிமேட் ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். பாதிதான் உண்மை.

மீதிப் பாதி என்ன? அந்த 'சர்ஃபர்' பத்திரிகையை இருபது வருஷம் நடத்திய ஸ்டீவ் பெஸ்மன், 1992-ல் மனைவி டெபியோடு சேர்ந்து 'தி சர்ஃபர்ஸ் ஜர்னல்' என்று தனியாக ஒன்று ஆரம்பித்தார். விலை அதிகம். விளம்பரதாரர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். உள்ளே நீளமான கட்டுரைகள், வரலாறு, கடல், வயசான ஆட்டக்காரர்களின் வாழ்க்கை. அலையோடு சேர்ந்து வயசாகிப்போன வாசகனை நம்பி ஆரம்பித்தார். பெரிய பத்திரிகைகள் மண்ணைக் கவ்விய பிறகும் அது வந்துகொண்டிருக்கிறது. பனியிலும் அதே பாணியில் 'தி ஸ்னோபோர்டர்ஸ் ஜர்னல்' உண்டு. அதைத்தான் எங்கள் தெருக்காரருக்குச் சொன்னேன்.

நான் பி.காம். படித்தவன். பெரிதாக ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை, ஒன்றைத் தவிர: காசு கொடுப்பவன்தான் கஸ்டமர். ஷூ கம்பெனி காசு கொடுத்தால் கஸ்டமர் ஷூ கம்பெனி. அப்போது வாசகன் யார்? அவன்தான் அங்கே விற்கப்படுகிற சரக்கு. ஷூ கம்பெனி வேறு கடைக்குப் போனதும் சரக்கைத் தெருவில் போட்டுவிட்டுக் கடையைச் சாத்திவிடுவார்கள். வாசகனே காசு கொடுத்தால் அவனை மதித்து எழுதியாக வேண்டும்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். சென்னைக்கு வாருங்கள்.

சென்னைக்கு இந்த விஷயம் புதிதல்ல. 'ஹிந்து' குழுமத்திலிருந்து 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' 1947-லிருந்து 1968 வரை வந்தது. 1978-ல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. ஆட்டத்தின் நுணுக்கத்தை, நிர்வாகத்தின் ஊழலை, வீரனின் முதுகுவலியைப் பெரிய மனிதர்களிடம் பேசுகிற மாதிரி எழுதினார்கள். நடு அட்டையில் போஸ்டரும் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. எல்லாம் மவுண்ட் ரோட்டில் நடந்தது. எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அந்த ரோட்டில் தமிழ்ப் பத்திரிகைக்காரர் ஒருவருக்குமே இதை நாமும் செய்யலாம் என்று தோன்றவில்லையா? இங்கிலீஷ் படிப்பவனுக்கு விளையாட்டு என்றால் அறிவு, தமிழ் படிப்பவனுக்கு விளையாட்டு என்றால் புளோ-அப். யார் போட்ட சட்டம் இது?

நம் விளையாட்டுப் பக்கம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். நம்ம சென்னைப் பையன் குகேஷ், பதினெட்டு வயசில் உலக செஸ் சாம்பியன். நான் படித்த தமிழ்ப் பக்கங்களில் அவர் அழுதது வந்தது. அப்பா வேலையை விட்டது வந்தது. பரிசுப் பணம் எத்தனை கோடி, அதில் வரி எவ்வளவு போகும் என்பது வந்தது (இதில் மட்டும் நம்மாட்கள் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆகிவிடுவார்கள்). எப்படி ஜெயித்தார்? "எதிராளி செய்த தவறைப் பயன்படுத்திக்கொண்டார்" என்று ஒரு வரி.

என்ன தவறு சாமி அது? கடைசி ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், ஆனால் அதை வைத்து ஜெயிப்பது கஷ்டம். டிங் லிரனின் பிஷப் மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது. 55-வது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை வெட்டுக்கு வெட்டு கொடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ரூக் போனதும் குகேஷ் தன் பிஷப்பை எதிரே நிறுத்தினார். மூலையில் நின்ற பிஷப்புக்கு ஓட வழியில்லை, அதுவும் வெட்டுப்பட்டது. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அங்கே ஒரு சிப்பாய் அதிகம் என்றால் ஆட்டமே அதிகம். மூன்று நகர்த்தலில் டிங் கை கொடுத்துவிட்டார். எழுதி முடிக்க ஏழெட்டு வரி ஆயிற்று. ஒரு படம் போட்டால் இன்னும் சுலபம். வாசகனுக்குப் புரியாது என்று முடிவு கட்டியவர்கள், ஒரு தடவையாவது அவனிடம் சொல்லிப் பார்த்தார்களா?

"தமிழ்ல டெக்னிக்கலா எழுதினா போரடிக்கும் சார்." எத்தனை ஆசிரியர்கள் வாயில் இதைக் கேட்டிருக்கிறேன். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தபோது டீக்கடையில் யாரும் போரடிக்கிறது என்று எழுந்து போகவில்லை. சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' எழுதியபோது பிளாக் ஹோல் வேண்டாம் என்று யாரும் கடிதம் போடவில்லை. 2005-ல் நாணயம் விகடன் வந்தது, 2007-ல் பசுமை விகடன் வந்தது. மியூச்சுவல் ஃபண்டும் பஞ்சகவ்யமும் தமிழில் ஓடும், ஆஃப் ஸ்பின் ஓடாதா?

இது வெறும் ரசனைப் பிரச்னை என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன்.

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் எஸ்டேட்டிலும் அம்பத்தூரிலும் ஆறு நாள் ஷிப்ட் பார்த்தவர்கள், காலி மனைகளில் கல் நட்டு டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவார்கள். பாதிப் பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆறு நாள் உட்கார்ந்த உடம்பு, ஏழாம் நாள் திடீரென்று ரன் ஓடும். "மைதானத்தில் சரிந்து விழுந்தார்" என்று அடிக்கடி ஒரு பத்திச் செய்தி படிக்கிறோமே, அவர்கள் எல்லாம் இந்த ஆட்கள்தான். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, வழக்கத்துக்கு மாறான வியர்வை வந்தால் ஓவரை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நிற்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று விளையாட்டுப் பக்கம்தானே சொல்ல வேண்டும்? இறந்தபின் ஒரு பத்தி தருகிறவர்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு பத்தி தரக் கூடாதா?

இன்னொன்று கடல். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். போட்டோ போட்டோம், பாராட்டினோம், முடிந்தது. அதே கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் குளிக்கப் போன பையன்களை அலை இழுத்துக்கொண்டு போகிறது. "ராட்சத அலை" என்று எழுதுவோம். பல நேரம் ராட்சதனும் இல்லை, அலையும் இல்லை. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடுகிற குறுகலான நீரோட்டம் அது. அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று நம்மாள் சரியாக அங்கேதான் இறங்குவான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர் நீச்சல் போட்டுக் களைத்துப் போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் இறங்கவே கூடாது. கோவளத்தில் பலகை பிடிக்கிற மீனவ இளைஞர்களுக்கு இது பாலபாடம். தண்ணீரைப் பார்த்தே எங்கே ஓட்டம் என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் ஒரு சர்ஃபிங் பத்திரிகை இருந்தால் முதல் இதழின் முதல் கட்டுரை இதுதான். அதைப் படிக்கப் பலகை வாங்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றிருந்தால் போதும்.

பனிக்கும் இதே கதைதான். குல்மார்க்கில் ரோப் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மேலே பாதை தாண்டிப் போனவர்களில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 30-லிருந்து 45 டிகிரி சாய்வில்தான் பெரும்பாலும் பனி பிடுங்கிக்கொண்டு வரும். பல சமயம் அதைக் கிளப்பிவிடுவதே மேலே போகிற மனிதன்தான். ஹனிமூன் பேக்கேஜில் நம்மூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக குல்மார்க் போகிறார்கள். எந்தப் பத்திரிகை அவர்களுக்கு இதைச் சொன்னது?

போன மாதம் ஒரு பதிப்பாள நண்பரிடம் கணக்கே போட்டுக் காட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு இதழ், விலை 150 ரூபாய். வருஷச் சந்தா 600. ஐயாயிரம் சந்தாதாரர் என்றால் முப்பது லட்சம், அதுவும் முன்பணமாக. கடைக்குப் போடாதே, ஏஜென்ட் கமிஷன் மிச்சம், விற்காத பிரதி திரும்பி வருகிற தலைவலி மிச்சம். தமிழ்நாட்டில் டர்ஃபுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடுகிறவனில் ஐயாயிரம் பேர் தேற மாட்டார்களா? செஸ், கேரம், கபடி, கடல், டென்னிஸ் பால், எல்லாம் போடுவோம் என்றேன்.

ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அட்டையில யாரைப் போடறது?" என்றார்.

கோவளத்து மீனவர் ஒருவரைப் போடலாம் என்றேன்.

"அவர் எந்தப் படத்துல நடிச்சிருக்கார்?" என்றார்.