தொட்டிக்குள் ஓடி ஒளிய இடமில்லை, பிள்ளைகளே



போன வாரம் என் தங்கை மகன் முகநூலில் ஒரு வீடியோ போட்டிருந்தான். மூன்றடித் தொட்டியில் ஆஸ்கார் சோடி ஒன்று தட்டைக் கல்லில் முட்டையிட்டிருந்தது. மூலையில் நான்கு தங்கமீனும் ஒரு குராமியும் வால் கிழிந்து ஒடுங்கி நின்றன. "பிரீடிங் சக்சஸ்" என்று தலைப்பு. பாராட்டியவர்களில் என் மாணவர்களும் உண்டு. ஒருவர், "சார் அன்றே சொன்னாரே, வலியது வெல்லும்" என்று எழுதியிருந்தார்.

ஆமாம், சொன்னேன். அது தவறு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் பள்ளி ஆய்வகத் தொட்டி நினைவிருக்கிறதா? அதிலும் ஆஸ்கார்களோடு தங்கமீன்களை விட்டிருந்தேன். ஆஸ்கார் முட்டையிட்ட மறுநாள் காலை இரண்டு தங்கமீன் செத்து மிதந்தன. மூன்றாவது, பில்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நான் அதையே பாடமாக்கி, "இதுதான் வாழ்க்கைப் போராட்டம்" என்றேன். நீங்களும் குறிப்பெடுத்துக்கொண்டீர்கள்.

அது போராட்டமே இல்லை. ஆஸ்கார் அமேசான் ஆற்றுப் படுகையின் மீன். முட்டையிட்டால் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காக்கும். கிட்டே வருவதைத் துரத்தும். ஆற்றில் துரத்தப்பட்ட மீன் நாலு பாகம் தள்ளிப் போய்விடும், சண்டை அதோடு முடியும். தொட்டியில் எங்கே போகும்? கண்ணாடியில் முட்டிக்கொண்டு திரும்பவும் அதே வாய்க்குத்தான் வரவேண்டும். கொன்றது ஆஸ்கார் அல்ல. ஓட வழியில்லாமல் அடைத்து வைத்த நான்.

"சின்னதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை சார்" என்பீர்கள். கடையில் இரண்டு அங்குலத்தில் வாங்கியது ஓர் அடி வரை வளரும். முட்டை வந்த நாளில் பழைய சிநேகமெல்லாம் செல்லாது. "வயிறு நிறையத் தீனி போட்டால் அடிக்காது" என்பதும் வீண் பேச்சு. அது பசியால் அடிக்கவில்லை, பிள்ளைக்காக அடிக்கிறது. மிஞ்சிய தீனி அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறுவதுதான் மிச்சம்.

சரி, குஞ்சு பொரிக்கட்டும். ஒரு தடவைக்கு ஆயிரம் முட்டைக்கு மேல்கூட இடும். அத்தனையையும் எங்கே வைப்பீர்கள்? "பாவம்" என்று ஏரியில் கொண்டுபோய் விடுவீர்கள். அந்தப் பாவத்தை மட்டும் செய்யாதீர்கள். நாம் ஜிலேபிக் கெண்டை என்கிற திலாப்பியாவும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளத்தை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும். நம் குளத்துக் கெண்டைகளோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது. திரும்பப் பிடித்துவிட முடிந்ததா?

மீன் வளர்க்காதே என்று சொல்லவில்லை. கொளத்தூரில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். சோடியைத் தனித் தொட்டியில்தான் விடுவார்கள். பிழைப்புக்கு வளர்க்கிறவருக்கு இருக்கும் நிதானம் பொழுதுபோக்குக்கு வளர்க்கிற நமக்கு வேண்டாமா? தனித் தொட்டிக்கு இடமில்லை என்றால், பெரிய சிக்லிட்டைக் கலப்புத் தொட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி முட்டையும் இட்டுவிட்டதா? இன்றே நடுவில் ஒரு தடுப்பு போடுங்கள், இல்லையேல் மற்ற மீன்களை எடுத்துவிடுங்கள். குஞ்சை வளர்க்க வசதியில்லாதவர்கள் முட்டையோடு அந்தக் கல்லை வெளியே எடுத்துவிடுங்கள். கேட்கக் கடுமைதான், ஆயிரம் குஞ்சை ஏரியில் கொட்டுவதைவிட மேல்.

மருமகனே, உன்னை ஊரறியத் திட்டியதாக நினைக்காதே. திட்டு எனக்கும் சேர்த்துத்தான். இன்று மாலை அந்தக் குராமியை ஒரு வாளிக்காவது மாற்றிவிட்டு எனக்கு போன் போடு.

மாணவர்களே, அன்று எழுதிய குறிப்பில் அந்த வரியை அடித்துவிடுங்கள். திருத்தம் தாமதமாக வந்ததற்கு உங்கள் ஆசிரியரை மன்னியுங்கள்.