கல் நாட்டியவர் ஒருவர். திறந்து வைத்தவர் வேறொருவர்!

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ஐந்து ரதங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கல் யானையைத் தடவிப் பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்த ரதங்களில் பல முடிக்கப்படாதவை! மேலே அழகாகச் செதுக்கி இருக்கிறார்கள். கீழே வெறும் பாறை. ஊரைச் சுற்றி இருக்கும் குகைக் கோவில்களிலும் பாதி செதுக்கிய தூண்கள் நிற்கின்றன.

"ராஜா மாறினார், உளி நின்றது" என்று சொல்கிறவர்கள் உண்டு. "போர் வந்தது" என்று சொல்கிறவர்களும் உண்டு. உண்மை, கல் கொத்திய சிற்பிக்குத்தான் வெளிச்சம்.

இப்போது ராஜா இல்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை அமைக்கிறார்கள். மக்கள் சபைக்கு ஆயுள் 5 வருஷம். சட்டசபைக்கும் 5 வருஷம். அதற்குள் கலைந்தாலும் கலையலாம்.

ஆனால், ஒரு பெரிய வேலை 5 வருஷத்தில் முடிவது இல்லை. பாதி வேலையில் தேர்தல் வந்துவிடுகிறது. பிறகு அந்த வேலை என்ன ஆகிறது? செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரை ஒரு சுற்று சுற்றி வந்தாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

தேர்தலுக்கு முன் திறப்பு விழா

முதலில் வண்டலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். இதற்கு 2019 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டவர், அப்போதைய முதல்-மந்திரி எடப்பாடி பழனிசாமி. அடுத்த மாதமே பாராளுமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது.

நிலையத்தைத் திறந்து வைத்தவர், முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின். நாள், 2023 டிசம்பர் 30. மூன்றே மாதத்தில் அடுத்த பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது.

செலவு சுமார் 394 கோடி ரூபாய். நிலையம் பெரியது, அழகானது. ஆனால், திறந்தபோது பக்கத்தில் ரெயில் நிலையம் இல்லை. மூட்டையும் கையுமாக இறங்கியவர்கள் நகரத்துக்குள் போக அல்லாடினார்கள்.

இது ஒரு கட்சியின் பழக்கம் அல்ல. எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. 2024 மார்ச் 16-ந் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்துவிட்டால் கல் நாட்டக்கூடாது, ரிப்பன் வெட்டக்கூடாது. அதற்கு முந்தின ஒரு மாதத்தில் இந்தக் கடற்கரையில் மட்டும் இரண்டு விழாக்கள்! பிப்ரவரி 24-ந் தேதி நெம்மேலி குடிநீர் ஆலையை முதல்-மந்திரி திறந்து வைத்தார். மார்ச் 4-ந் தேதி பிரதமர் மோடி கல்பாக்கத்துக்கு வந்தார்.

தேர்தல் வருகிற வருஷத்தில் டெல்லி பட்ஜெட்டும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2024 பிப்ரவரி 1-ந் தேதி போடப்பட்டது, இடைக்கால பட்ஜெட். வீடு மாறப்போகும் குடும்பம் கைச்செலவுக்கு மட்டும் பணம் எடுத்து வைக்குமே, அதைப் போல. முழு பட்ஜெட் ஜூலை 23-ந் தேதிதான் வந்தது. மக்கள் சபை கலைந்ததும், அங்கே நிறைவேறாமல் கிடந்த மசோதாக்களும் காலாவதி ஆகிவிடுகின்றன. அவற்றைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

தாகம் காப்பாற்றியது

நெம்மேலி ஆலையின் கதை சுவையானது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது இந்த ஊர். கடல் தண்ணீரை உப்பு நீக்கிக் குடிநீராக்குகிறார்கள்.

இங்கே முதல் ஆலைக்கு 2010-ல் கருணாநிதி கல் நாட்டினார். 2011-ல் ஆட்சி மாறியது. 2013-ல் ஜெயலலிதா திறந்து வைத்தார். தினம் 10 கோடி லிட்டர் தண்ணீர்.

இரண்டாவது ஆலைக்கு 2019-ல் கல் நாட்டியவர் பழனிசாமி. 2021-ல் ஆட்சி மாறியது. 2024-ல் திறந்து வைத்தவர் ஸ்டாலின். தினம் 15 கோடி லிட்டர்.

இரண்டு முறையும் கல் நாட்டியவர் ஒருவர். திறந்து வைத்தவர் வேறொருவர். அதனால் என்ன? தண்ணீருக்குக் கட்சி தெரியாது. குழாயில் வந்தால் சரி!

ஆட்சி மாறியும் வேலை நிற்காததற்குக் காரணம், தாகம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டன. ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். தண்ணீர் ஆலையை நிறுத்தினால் எந்த மந்திரியும் தெருவில் நடக்க முடியாது. கேட்பதற்கு ஆள் இருந்தது, வேலை நடந்தது.

கல்பாக்கத்தில் 20 வருஷம்

கல்பாக்கத்தில் கதை வேறு. அங்குள்ள முதல் அணு மின்சார உலையின் கட்டுமானம் 1971-ல் தொடங்கியது. 1983-ல்தான் உலை இயங்கத் தொடங்கியது. இடையில் இந்திரா காந்தி போய், மொரார்ஜி தேசாய் வந்து, சரண்சிங் வந்து, மீண்டும் இந்திரா காந்தியே வந்துவிட்டார்!

அதற்குப் பிறகு வந்தது, வேக ஈனுலை. வாஜ்பாய் ஆட்சியில், 2003-ல் அனுமதி தரப்பட்டது. மன்மோகன்சிங் ஆட்சியில், 2004-ல் வேலை தொடங்கியது. அந்த வருஷம் டிசம்பரில் சுனாமி வந்து அஸ்திவாரப் பள்ளத்தை மூழ்கடித்தது. 2010-ல் முடிக்க வேண்டிய வேலை. முதலில் போட்ட மதிப்பு 3,492 கோடி ரூபாய். பிறகு அது 5,677 கோடி ஆயிற்று. உலையின் உள்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியதைப் பார்க்கத்தான் 2024 மார்ச்சில் பிரதமர் மோடி வந்தார்.

அனுமதியில் இருந்து அந்த நாள் வரை 3 பிரதமர்கள், 5 மக்கள் சபைகள்! தாமதத்துக்குத் தேர்தலைக் குறை சொல்ல முடியாது. இந்தியா இந்த அளவில் முதன்முதலாகக் கட்டுகிற உலை. சோடியத்தைக் கையாளுகிற வேலை விளையாட்டு அல்ல. கவனிக்க வேண்டியது வேறு. எத்தனை ஆட்சி மாறியும் இந்த வேலை கைவிடப்படவில்லை. அணுசக்தித் துறை நேராகப் பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. யார் பிரதமராக வந்தாலும் அந்தக் கோப்பு அவர் மேஜையில்தான் இருக்கும்.

கேட்க ஆள் இல்லாத திருமணி

இனி செங்கல்பட்டுக்கு அருகில் உள்ள திருமணிக்கு வருவோம்.

2008-ல் மூன்று சர்க்கார் தடுப்பு மருந்து நிலையங்களில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஒன்று சென்னை கிண்டியில் உள்ளது. இன்னொன்று குன்னூரில் உள்ளது. மூன்றாவது, இமாசலப் பிரதேசத்தில் உள்ள கசவுலி. குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சர்க்காரே புதிதாகப் பெரிய தொழிற்சாலை கட்டுவது என்று முடிவாயிற்று. 2012-ல் மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. மதிப்பு 594 கோடி ரூபாய். இடம் 100 ஏக்கர். நாட்டின் முக்கியத் திட்டம் என்று பெயரும் கொடுத்தார்கள்.

2014-ல் ஆட்சி மாறியது. கட்டிடம் எழும்பியது. எந்திரங்களும் வந்தன. செலவு மட்டும் மதிப்பைத் தாண்டிவிட்டது. மேற்கொண்டு வேண்டிய பணம் வரவில்லை. 2019-ல் இன்னொரு தேர்தலும் வந்து போயிற்று.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை. நாடு முழுவதும் தடுப்பூசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கிடைக்காமல் திரும்பினார்கள். அந்த மே மாதம் முதல்-மந்திரி ஸ்டாலின் திருமணிக்குப் போய்ப் பார்த்தார். பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சுமார் 700 கோடி ரூபாய் போட்ட தொழிற்சாலை சும்மா கிடக்கிறது, அதை மாநில சர்க்காரிடம் குத்தகைக்குத் தரவேண்டும் என்று கேட்டார். மத்திய சர்க்கார், நடத்த முன்வரும் கம்பெனிகளிடம் டெண்டர் கேட்டுப் பார்த்தது. யாரும் வரவில்லை.

வீட்டு வாசலில் அடுப்பு இருக்கிறது. பிள்ளை பசியில் அழுகிறது. அடுப்பில் நெருப்பு இல்லை! இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

தொடங்கியவர்கள், "எங்கள் காலத்தில் அனுமதி கொடுத்தோம்" என்பார்கள். பின்னால் வந்தவர்கள், "எங்கள் காலத்தில் கட்டினோம்" என்பார்கள். இருவர் சொல்வதும் பொய் இல்லை. பழைய ஆட்சிக்கு அதை முடிக்க அதிகாரம் இல்லை. புதிய ஆட்சிக்கு அதை முடித்தால் முழுப் பெயரும் கிடைக்காது. நெம்மேலிக்குத் தாகம் இருந்தது. கல்பாக்கத்துக்குப் பிரதமரின் மேஜை இருந்தது. திருமணிக்கு இரண்டும் இல்லை. கொரோனா வரும்வரை, "தடுப்பு மருந்துத் தொழிற்சாலை என்ன ஆயிற்று?" என்று எந்த ஓட்டுக் கூட்டத்தில் யார் கேட்டார்கள்?

நிழற்குடையும் ரெயில் பாதையும்

எம்.பி.யின் நிலைமையையும் பார்க்கவேண்டும். செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சீபுரம் ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்தது, காஞ்சீபுரம் பாராளுமன்றத் தொகுதி. மாமல்லபுரம், திருப்போரூர் தொகுதிக்குள் வருகிறது.

எம்.பி.க்களின் தொகுதி நிதி 1993-ல் தொடங்கியது. 2011-ல் வருஷத்துக்கு 5 கோடி ரூபாயாக உயர்ந்தது. ஐந்து வருஷத்துக்கு 25 கோடி. ஆறு தொகுதிக்கும் பங்கு போட்டால், ஆளுக்கு 4 கோடி சொச்சம். இதில் பஸ் நிழற்குடை கட்டலாம். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டலாம். ஆறு மாதத்தில் முடியும். பெயர்ப் பலகையும் வைக்கலாம். நிழற்குடையைக் கேலி செய்ய வேண்டியது இல்லை. வெயிலில் நிற்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால், சென்னையில் இருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் போகும் ரெயில் பாதையை நிழற்குடைப் பணத்தில் போட முடியாது. 2008-ம் ஆண்டு ரெயில்வே பட்ஜெட் காலத்தில் இருந்து பேசப்படும் பாதை இது. 2009, 2014, 2019, 2024 என்று நான்கு பாராளுமன்றத் தேர்தல்கள் வந்துவிட்டன. மாமல்லபுரத்துக்கு ரெயில் வரவில்லை.

ஆயுளைக் கூட்டினால்?

"அப்படியானால் சபையின் ஆயுளைக் கூட்டிவிடலாமே, நிதானமாக வேலை நடக்குமே" என்று சிலர் சொல்லலாம். அதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. 1971-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் காலம் 1976-ல் முடிய வேண்டும். அது நெருக்கடி நிலைக் காலம். சபையின் ஆயுள் நீட்டப்பட்டது. 42-வது திருத்தம் கொண்டுவந்து, 6 வருஷம் என்றே சட்டமும் செய்தார்கள். 1977 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னார்கள். 44-வது திருத்தம் பழையபடி 5 வருஷம் ஆக்கியது.

உலகத்திலும் போக்கு இதுதான். பிரிட்டனில் 7 வருஷமாக இருந்ததை 1911-ல் 5 ஆகக் குறைத்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 3 வருஷம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு 2 வருஷம்தான்!

எல்லாத் தேர்தலையும் ஒரே நேரத்தில் நடத்தும் மசோதா 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. தேர்தல் செலவு குறையும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதன்படி, நடுவில் ஒரு சபை கலைந்தால் புதிய சபைக்கு மிச்ச காலம் மட்டுமே ஆயுள். இரண்டு வருஷத்துக்கு வருகிற ஆட்சி எந்தப் பத்து வருஷ வேலையைத் தொடங்கும்? நிழற்குடைதான் கட்டும்.

ஐந்து வருஷம் இருக்கட்டும். அது ஜனங்கள் கையில் உள்ள மூக்கணாங்கயிறு. அதை விட்டுக் கொடுக்கக்கூடாது. ஆட்சி மாறும்போது கணக்கும் கூடவே கைமாற வேண்டும். அதற்குத்தான் இன்று வழி போதவில்லை.

தேதி குறித்துவிட்டால் சர்க்காரால் ஓட முடியும். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மோடியும் சீன அதிபர் ஜி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதற்கு முந்தின சில வாரங்களில் ஊர் பளபளத்ததை அங்குள்ள கடைக்காரர்கள் மறக்கவில்லை.

விருந்தாளிக்குத் தேதி உண்டு. வேலைக்கு ஏன் இல்லை? அஸ்திவாரக் கல்லில் கல் நாட்டியவர் பெயர் இருக்கிறது. முன்னிலை வகித்தவர்கள் பெயரும் இருக்கிறது. எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று இல்லை. 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய சர்க்கார் வேலைகளின் தாமதத்தைப் பற்றி டெல்லியில் அறிக்கை வெளியாகிறது. அந்த அறிக்கை ஊர் வாசலுக்கு வருவது இல்லை. பழைய சபை விட்டுப்போன வேலைகளின் பட்டியலைப் புதிய சபையின் முதல் கூட்டத்தில் படிக்க வேண்டும். அந்தந்த ஊர்க் கணக்கை அந்தந்த ஊரில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

திருமணியில் அப்படி ஒரு பலகை வைத்தால், முதல் வரியில் "2012-ல் அனுமதி, 594 கோடி" என்று எழுதலாம். இரண்டாவது வரியில் "2021 வரை செலவு சுமார் 700 கோடி" என்று எழுதலாம். மூன்றாவது வரி, முழு வேலையும் முடியும் தேதி. அதைத் தொகுதி எம்.பி.யும் டெல்லி சுகாதார மந்திரியும் எழுதித் தர வேண்டும்.